டென்மார்க்குக்கே சந்தேகம் வந்துவிட்டது: ஐரோப்பா இனி யாரை நம்பும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவும் ஐரோப்பாவும் உண்மையிலேயே பிரிந்துவிட்டனவா, இனி ஐரோப்பா சீனா பக்கமோ இந்தியா பக்கமோ சாய்ந்துவிடுமா? ஒரு வரியில் சொன்னால், பிரியவில்லை, இப்போதைக்குப் பிரியவும் முடியாது, ஆனால் ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய காலம் போய்விட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படிப்பதாக இருந்தால் டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஏன் டென்மார்க்? இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் பிரான்ஸைத்தான் இழுப்பார்கள். பிரான்ஸ் அமெரிக்காவைச் சந்தேகப்படுவது ஒரு செய்தியே இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி குறை சொல்லும் ஒரு பெரியப்பா இருப்பார் இல்லையா, அவர் சாம்பார் சரியில்லை என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பரிமாறியதை எல்லாம் வாய் திறக்காமல் சாப்பிட்டுவந்த ஆள் ஒருநாள் இலையை மூடிவிட்டு எழுந்தால்தான் சமையற்கட்டு வரைக்கும் சலசலப்பு வரும். டென்மார்க் அப்படிப்பட்ட ஆள்.

எவ்வளவு விசுவாசம் என்று பாருங்கள். 1949-ல் நேட்டோ தொடங்கியபோதே உறுப்பினர். 1992-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள், அப்புறம் சமாதானம் பேசிச் சேர்த்துக்கொண்டபோது, ஒன்றியத்தின் பாதுகாப்பு விஷயங்களில் எங்களைச் சேர்க்காதீர்கள் என்று விலக்கு வாங்கிக்கொண்டார்கள். நேட்டோ இருக்கிறது, அதற்குப் பின்னால் அமெரிக்கா இருக்கிறது, ஐரோப்பியப் படை எதற்கு என்பதுதான் அங்கே பலருடைய கணக்கு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நேட்டோவின் 5-வது பிரிவு, அதாவது ஒருவர் மேல் கைவைத்தால் எல்லார் மேலும் கைவைத்த மாதிரி என்கிற பிரிவு, வரலாற்றில் முதல் தடவையாக, இதுவரை ஒரே தடவையாக, அமெரிக்காவுக்காக அமலானது. ஆப்கானிஸ்தானுக்குப் போன டென்மார்க் வீரர்களில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. அப்போது 60 லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது பெரிய எண்ணிக்கை, மக்கள்தொகை விகிதத்தில் கணக்குப் போட்டால் கூட்டணியிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த நாடுகளில் ஒன்று. 2003-ல் பிரான்ஸும் ஜெர்மனியும் இராக் போர் வேண்டாம் என்று முரண்டு பிடித்தபோதும் டென்மார்க் கூடவே போனது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. 2013-ல் ஜெர்மன் பிரதமர் மெர்கலின் கைபேசியையே அமெரிக்கா ஒட்டுக்கேட்டது என்று செய்தி வந்து, நண்பர்களுக்குள் வேவு பார்ப்பதெல்லாம் நடக்கவே கூடாது என்று அவர் கோபப்பட்டது நினைவிருக்கலாம். 2021-ல் டென்மார்க் வானொலி–தொலைக்காட்சி நிறுவனம் ஒரு குண்டைப் போட்டது: ஜெர்மனி, பிரான்ஸ், சுவீடன், நார்வே தலைவர்களை அமெரிக்கா வேவு பார்த்ததே டென்மார்க் உளவுத்துறையின் ஒத்துழைப்போடு, டென்மார்க் வழியாகப் போகும் கடலடிக் கேபிள்களில் இருந்துதான். பக்கத்து வீட்டுக்காரனை வேவு பார்க்கத் தன் வீட்டு மொட்டைமாடியைத் திறந்துவிட்ட நண்பன். இதற்குமேல் ஒரு நாட்டிடம் என்ன விசுவாசம் எதிர்பார்க்க முடியும்?

அந்த நாட்டின் ராணுவ உளவுத்துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆண்டு மதிப்பீட்டில், ரஷ்யா, சீனாவோடு அமெரிக்காவையும் கவலைக்குரிய விஷயமாக எழுதியது. அமெரிக்கா தன் விருப்பத்தைத் திணிக்கச் சுங்க வரி மிரட்டல் உட்பட பொருளாதார பலத்தைப் பயன்படுத்துகிறது, கூட்டாளிகள் மீதும்கூட ராணுவ பலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று அது சொல்வதில்லை, என்பது சாரம். உளவுத்துறை அறிக்கைகள் எப்போதும் சவசவ என்று இருக்கும். அந்த நடையிலேயே இதைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

காரணம் டென்மார்க் ஆளுகையில் இருக்கும் பெரிய தீவான கிரீன்லாந்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதை டிரம்ப்போடு தொடங்கவில்லை. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்ரிக் காவ்ஃப்மான், தலைநகர் கோபன்ஹேகனில் இருந்த அரசின் பேச்சைக் கேட்காமல், சரியாக ஒரு வருடம் கழித்து 1941 ஏப்ரலில் தானே கையெழுத்துப் போட்டு, கிரீன்லாந்தில் ராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். கோபன்ஹேகன் அரசு அவரைப் பதவிநீக்கம் செய்து தேசத்துரோக வழக்கும் போட்டது. போர் முடிந்ததும் அதே கையெழுத்தை அங்கீகரித்தார்கள், அவர் கதாநாயகன் ஆனார். 1946-ல் ட்ரூமன் அரசு 10 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் தருகிறோம், தீவைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டது. டென்மார்க் விற்கவில்லை, 1951-ல் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக் கிட்டத்தட்ட வேண்டிய இடத்தில் தளம் வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. (அமெரிக்காவுக்கு அங்கே என்ன ராணுவத் தேவை இருந்தாலும் கேட்டாலே கிடைக்கும், பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை என்று டென்மார்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.) 1953-ல் கிரீன்லாந்தில் இருந்த அமெரிக்கத் தூலே தளத்தை விரிவாக்குவதற்காக அங்கே வாழ்ந்த இனூயிட் பழங்குடிக் குடும்பங்களை நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே துரத்திவிட்டார்கள், அதுவும் டென்மார்க் அரசு செய்ததுதான்.

1968 ஜனவரி 21 அன்று அதே தூலே தளத்துக்குப் பக்கத்தில், நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்த அமெரிக்க பி-52 விமானம் கடல் பனியில் விழுந்து எரிந்தது. அணுவெடிப்பு நடக்கவில்லை, ஆனால் புளூட்டோனியம் பனி முழுக்கச் சிதறியது. டென்மார்க்கின் அறிவிக்கப்பட்ட கொள்கை என்ன தெரியுமா? எங்கள் மண்ணில் அணு ஆயுதம் கூடாது. விமானம் விழுந்த இரண்டாம் நாள் அங்கே பொதுத் தேர்தல் வேறு. அரசுக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் ரொம்ப காலம் எல்லாரும் நம்பினார்கள். 1995-ல்தான் உண்மை வந்தது: 1957-லேயே அப்போதைய பிரதமர் எச். சி. ஹான்சன், அமெரிக்கத் தூதர் ஜாடைமாடையாகக் கேட்டதற்கு, இதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு கடிதம் கொடுத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லாததே சம்மதம்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நாடுகளுக்கு நடுவே நாம் நம்பிக்கை என்று சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருத்தர் கேட்க மாட்டார், இன்னொருத்தர் பார்க்காத மாதிரி இருப்பார். பெரியவன் கேட்பதைச் சின்னவன் சத்தமில்லாமல் கொடுப்பான், பதிலுக்குப் பெரியவன் சின்னவனின் மானத்தைக் காப்பாற்றுவான். டிரம்ப் உடைத்தது அந்த இரண்டாம் பாதியை. 2019-ல் தீவை வாங்கும் பேச்சை எடுத்தார், பிரதமர் ஃபிரடெரிக்சன் அபத்தம் என்றார், உடனே கோபன்ஹேகன் பயணத்தையே ரத்து செய்தார். அப்போது சிரித்துவிட்டு விட்டார்கள். 2025 ஜனவரியில், ராணுவத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர முடியுமா என்று நிருபர்கள் கேட்டபோது முடியாது என்றார், அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. 2026 ஜனவரியில் கிரீன்லாந்து விஷயத்தில் டென்மார்க்கும் அதன் பக்கம் நின்ற நாடுகளுமாக எட்டு ஐரோப்பிய நாடுகளுக்கு 10 சதவீத வரி என்று மிரட்டி, சில நாட்களிலேயே டாவோஸில் வைத்துப் பின்வாங்கினார்.

அந்தச் சில நாட்களில் நடந்த ஒரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வற்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு, 2023 டிசம்பரில் அமலுக்கு வந்தது. யாராவது பொருளாதார மிரட்டல் விடுத்தால் அவர்களுடைய நிறுவனங்களுக்குச் சந்தையையே அடைக்கலாம் என்பது மாதிரியான அதிகாரங்கள் அதில் இருக்கின்றன. அதை எழுதும்போது மனதில் இருந்த எதிரி பெரும்பாலும் சீனா. 2021-ல் லித்துவேனியா தன் தலைநகரில் 'தைவான்' என்ற பெயரிலேயே ஒரு அலுவலகம் திறக்க விட்டதற்காக, சீனா தன் சுங்க அமைப்பில் இருந்து அந்த நாட்டையே எடுத்துவிட்டது, லித்துவேனியாவில் செய்த உதிரிபாகம் வாங்கும் ஜெர்மன் கம்பெனிகளையும் நெருக்கியது. அந்த அனுபவம் நினைவில் இருக்கும்போதே சட்டமான ஆயுதத்தை எடுத்து முதன்முதலாக யார் மேல் வீசலாம் என்று சத்தமாகப் பேசியது அமெரிக்காவைக் குறிவைத்து.

சரி, பழைய கதைக்கு ஒரு தடவை போய்வர வேண்டும், ஏனென்றால் ஒரே அடியை வாங்கி ஆளுக்கொரு பாடம் படிப்பது ஐரோப்பாவுக்குப் பழக்கம். 1956-ல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலோடு ரகசியமாகத் திட்டம் போட்டு எகிப்தில் இறங்கின. அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடவில்லை, பவுண்டு சரிந்துகொண்டிருந்த நேரத்தில் பன்னாட்டு நிதியத்திலிருந்து பிரிட்டனுக்குக் கடன் போகாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். சில நாட்களில் பிரிட்டன் கையைத் தூக்கிவிட்டது. இதில் பிரிட்டன் படித்த பாடம்: இனிமேல் அமெரிக்காவை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. பிரான்ஸ் படித்த பாடம்: இனிமேல் அமெரிக்காவை நம்பி ஒரு அடி வைக்கக் கூடாது. 1960-ல் சகாராவில் பிரான்ஸ் சொந்தமாக அணுகுண்டு வெடித்தது, 1966-ல் டிகால் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பில் இருந்து விலகி அதன் தலைமையகத்தைப் பாரிஸிலிருந்து கிளப்பினார், அது பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபோனது. பிரிட்டனோ 1962-ல் அமெரிக்காவிடம் போலாரிஸ் ஏவுகணை வாங்கியது. இன்றைக்கும் பிரிட்டனின் அணு நீர்மூழ்கிகளில் இருக்கும் டிரைடன்ட் ஏவுகணைகள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிங்ஸ் பே தளத்தில் உள்ள பொதுக் கையிருப்பிலிருந்து எடுப்பவை. அணுகுண்டு பிரிட்டனுடையது, அதைச் சுமக்கும் ஏவுகணை பெரியண்ணன் வீட்டுப் பொதுப் பண்டகசாலையில் எடுத்தது.

எழுபது வருடம் கழித்து இந்த இரண்டு பாடங்களில் எது சரி என்று கேட்டால், நான் பிரான்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் பிரான்ஸ் தன்னை மட்டும்தான் காப்பாற்றிக்கொள்ளும், ரஷ்யாவை ஒட்டி இருக்கும் எஸ்தோனியாவுக்காகப் பாரிஸைப் பணயம் வைக்குமா என்ற கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் நல்ல பதில் இல்லை.

ரஷ்யா கதையும் இதே மாதிரிதான், இங்கே பாடம் படிக்காதவர் ஜெர்மனி. 1970-ல் எஸ்ஸென் நகரில் ஒப்பந்தம் போட்டார்கள்: ஜெர்மனி பெரிய குழாய்கள் கொடுக்கும், சோவியத் அதில் எரிவாயு அனுப்பும். 1982-ல் ரீகன் இந்தக் குழாய் வியாபாரத்தைத் தடுக்க ஐரோப்பியக் கம்பெனிகள் மீதே தடை போட்டபோது, அவருக்கு ரொம்ப வேண்டப்பட்ட தாட்சரே சண்டைக்கு வந்தார், அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுக்க வேண்டியதாயிற்று. பனிப்போர் முழுக்கக் கேஸ் நிற்காமல் வந்தது, அதனால் மாஸ்கோ நம்பத்தகுந்த வியாபாரி என்பது ஜெர்மனியில் வேதவாக்கு ஆகிவிட்டது. போலந்துக்காரர்கள் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள். 2006-ல் போலந்தின் பாதுகாப்பு அமைச்சர் சிகோர்ஸ்கி, கடலடி வழியாகப் போலந்தைச் சுற்றிக்கொண்டு ஜெர்மனிக்குப் போகும் நார்ட் ஸ்ட்ரீம் என்ற புதுக் குழாய்த் திட்டத்தை 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டார், பெர்லினில் முகம் சுளித்தார்கள்.

எனக்கு இதில் மறக்க முடியாத இடம் ரேடன். வடமேற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர், அதன் பூமிக்கடியில் மேற்கு ஐரோப்பாவின் மிகப்பெரிய எரிவாயுச் சேமிப்புக் கிடங்கு இருக்கிறது. 2015-ல், கிரைமியாவை ரஷ்யா விழுங்கி ஒரு வருடம் கழித்து, ஒரு சொத்துப் பரிமாற்றத்தில் இந்தக் கிடங்கு ரஷ்ய அரசின் எரிவாயுக் கம்பெனியான காஸ்ப்ரோம் கைக்கு முழுசாகப் போனது, ஜெர்மன் அரசு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2021 இலையுதிர்காலத்தில், குளிர்காலத்துக்கு நிரம்பியிருக்க வேண்டிய கிடங்கு கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது. சில மாதத்தில் டாங்கிகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. நெற்களஞ்சியத்தைத் திருடனிடமே குத்தகைக்கு விட்டுவிட்டு, அறுவடை முடிந்தும் அது ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் கேட்காமல் இருந்தால் எப்படியோ அப்படி.

லித்துவேனியா 2014-லேயே திரவ எரிவாயு இறக்க ஒரு மிதக்கும் முனையக் கப்பலை வாடகைக்குக் கொண்டுவந்து கிளைபேடா துறைமுகத்தில் நிறுத்தியது, அந்தக் கப்பலின் பெயரே 'சுதந்திரம்'. போலந்து நார்வேயிலிருந்து தனிக் குழாய் போட்டது, அதன் திறப்புவிழா 2022 செப்டம்பர் 27, நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் கடலுக்கடியில் வெடித்ததற்கு மறுநாள். ஜெர்மனியோ அந்த டிசம்பரில் அவசர அவசரமாக வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஒரு முனையத்தைக் கட்டி முடித்தது. சுமார் 200 நாளில் கட்டினார்கள், பெர்லின் விமான நிலையத்தை இழுத்த இழுப்பைப் பார்த்தவர்களுக்கு அது நம்ப முடியாத வேகம்.

அந்த முனையங்களில் இறங்கும் திரவ எரிவாயு எங்கிருந்து வருகிறது? 2024-லேயே ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த திரவ எரிவாயுவில் கிட்டத்தட்டப் பாதி அமெரிக்காவிலிருந்து. 2025 ஜூலையில் ஸ்காட்லாந்தில் டிரம்ப்பின் சொந்தக் கோல்ஃப் மைதானத்தில் வைத்து ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஃபான் டெர் லையன் கைகுலுக்கிய ஒப்பந்தத்தில், பெரும்பாலான ஐரோப்பியச் சரக்குக்கு 15 சதவீத வரியை ஏற்றுக்கொண்டதோடு, மூன்று வருடத்தில் 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிசக்தி வாங்குகிறோம் என்றும் சொன்னார்கள். அவ்வளவு வாங்க முடியாது என்பது கணக்குத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். முடியாததை ஒப்புக்கொள்ள வைத்ததுதான் செய்தி. வாணலிக்குத் தப்பி நெருப்பில் விழுந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றல்ல. ஆனால் ஒரே குழாயில் வாயை வைத்துக் குடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சீனா பக்கம் சாயுமா என்பதற்கு என் பதில் கறாரான இல்லை. ஆசை இருந்தது, 2020 டிசம்பர் 30 அன்று முதலீட்டு ஒப்பந்தம்கூடப் பேசி முடித்தார்கள். மூன்று மாதத்தில் சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் நடத்தப்படும் விவகாரத்தில் இரண்டு பக்கமும் தடைகள் போட்டுக்கொண்டன, சீனா ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேலேயே தடை போட்டது, ஒப்பந்தம் பரணுக்குப் போனது. அப்புறம் உக்ரைன் போரில் சீனா ரஷ்யாவுக்கு முட்டுக்கொடுத்தது. 2025-ல் நெக்ஸ்பீரியா விஷயம் வந்தபோது மிச்ச மயக்கமும் தெளிந்தது. நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் இருக்கும் மின்னணுச் சில்லுக் கம்பெனி, ஒருகாலத்தில் ஃபிலிப்ஸ் வீட்டுப் பிள்ளை, இப்போது முதலாளி சீனாவின் விங்டெக். நெதர்லாந்து அரசு 1952-ம் வருடத்துப் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அந்தக் கம்பெனியின் முடிவுகளைக் கட்டுப்படுத்தியது. சீனா உடனே ஏற்றுமதியை நிறுத்தியது. அந்தச் சில்லுகள் ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை, ஒவ்வொன்றும் சில காசுகள்தான் பெறும், ஆனால் ஒரு காரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். தகடு ஹாம்பர்க்கில் செய்வது, அதை வெட்டிப் பொதிவது பெரும்பாலும் சீனாவின் டோங்குவானில். ஐரோப்பாவில் செய்த பொருள் ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சீனாவின் அனுமதி வேண்டும் என்று தெரிந்த நாள் அது. நவம்பரில் நெதர்லாந்து தன் உத்தரவை நிறுத்திவைத்தது.

இந்தியாவுக்கு இதில் லாபம் உண்டு. 2007-ல் தொடங்கி 2013-ல் படுத்துவிட்ட வர்த்தகப் பேச்சு, 2022-ல் எழுந்து 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் முடிந்தது. இரண்டு பேருக்கும் டிரம்ப் போட்ட வரிதான் தரகர் வேலை பார்த்தது, இந்தியாவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 50 சதவீதம் விழுந்திருந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டாம்: வங்கதேசத்து பனியன் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகும், நம் பனியனுக்குச் சுமார் 9 முதல் 12 சதவீதம் வரி, அந்த வித்தியாசத்தில்தான் எத்தனையோ ஆர்டர் கைநழுவியது. ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் அது சரியாகும். ஆனால் இதைக் கூட்டணி என்று எண்ணிவிட வேண்டாம். ரஷ்யக் கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்கும் டீசலை ஐரோப்பா இனி வாங்காது என்ற தடையும் அதே ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. வியாபாரம் வேறு, உறவு வேறு.

ஆக, யாரை நம்பும்? தன்னையே நம்ப முயற்சி செய்கிறது, தாமதமாக. கடன் வாங்கவே பயப்படும் ஜெர்மனி 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்திப் பாதுகாப்புச் செலவுக்குக் கடன் வரம்பைத் தளர்த்தியது. அதே மாதத்தில் அமெரிக்கா உக்ரைனுக்கு உளவுத் தகவல் தருவதைச் சில நாட்கள் நிறுத்திக் காட்டியது. ஒரு சுவிட்சை அணைத்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பாவின் ஒவ்வொரு ராணுவத் தலைமையும் கண்ணால் பார்த்தது. நாங்கள் அமெரிக்காவிடம் வாங்கிய எஃப்-35 போர் விமானங்களுக்கும் அப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. தனியாகச் சுவிட்ச் எதுவும் தேவையில்லை, உதிரிபாகமும் மென்பொருள் புதுப்பிப்பும் நின்றாலே சில மாதங்களில் விமானம் தரையில்தான்.

டென்மார்க் இதற்கு என்ன செய்தது? 2022-லேயே உக்ரைன் போர் தொடங்கியதும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, முப்பது வருடப் பிடிவாதத்தை விட்டு ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையில் சேர்ந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி என்றார்கள். 2025 செப்டம்பரில், பெரிய வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கும்போது அமெரிக்காவின் பேட்ரியாட்டை ஒதுக்கிவிட்டு பிரான்ஸ்–இத்தாலி கூட்டுத் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தது. கோபன்ஹேகனில் அது பெரிய திருப்பம், பத்து வருடத்துக்கு முன்னால் யாரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த மாதமே, அக்டோபரில், ஆர்க்டிக்கையும் வட அட்லாண்டிக்கையும் காப்பதற்கு என்று ஒரு புதுத் தொகுப்பு அறிவித்தார்கள். கூடவே 16 போர் விமானங்களுக்கு முடிவு எடுத்தார்கள், ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்த 27-ஓடு சேர்த்து மொத்தம் 43 ஆகும். என்ன விமானம் என்று கேட்கிறீர்களா? எஃப்-35.